ஏழாம் படிவத்தின் பின்பக்கம்

நீங்கள் கடைசியாக ஒரு படிவத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படித்தது எப்போது? உண்மையைச் சொல்லுங்கள். பெயர், விலாசம், தேதி என்று முன்பக்கத்தை நிரப்பி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, நீட்டிவிட்டு வந்திருப்பீர்கள். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து இருக்கும். அதை எவர் உட்கார்ந்து படிப்பது?

பழைய சந்தைத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளும் படித்ததில்லை. இடது வரிசையில் இருபத்தாறாவது கதவு அவளுடையது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும், அவ்வளவுதான் கடை. ஒரு மெஷின், ஒரு மேஜை, யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி நூலில் கட்டிய ஸ்டேப்ளர். பின்னால் ஒரு அறை, ஒரு அடுக்களை. அதில் அவளும் புருஷனும். தன்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இருபது வருஷமாக அவளிடம் ஒரு பழக்கம். யார் எந்தப் படிவத்தோடு வந்தாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வாள்: "பின்பக்கம் வேணாம். அதுல ஒண்ணுமில்ல. காகிதம் தண்டம்." அது பொய்யும் இல்லை. பின்பக்கத்தில் எப்போதும் விதிமுறைதான் இருக்கும். அந்தத் தெருவில் அவள் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது, காகித விஷயத்தில்.

அவள் புருஷனுக்குத் தெருவில் பெயர் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளிச்சமே அற்றுப்போனது. ஒரு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கித் தெருவில் நடந்தார். சுவரோடு ஒரு கை, வாயில் எண்ணிக்கை. முதல் நாள் இரண்டு தடவை முட்டியைப் பெயர்த்துக்கொண்டு திரும்பினார். மறுநாளும் போனார்.

இப்போது வாசலில் இருந்து டீக்கடைக்கு எண்பத்து நாலு எட்டு எடுத்து வைக்க வேண்டும். பத்தொன்பதில் மெத்தைக் கடை. பஞ்சு மூக்கை அரிக்கும். நாற்பத்தேழில் வெல்டிங் பட்டறை. கன்னத்தில் சூடு படும், அரை எட்டு விலக வேண்டும். எழுபதில் தம்பியின் விளக்குக் கடை. படி ஒரு சாண் வெளியே நீட்டியிருக்கும், காலைத் தூக்கி வைக்க வேண்டும். அப்புறம் டீ. கைத்தடி வீட்டில் ஆணியில் தொங்கும். தெருவை விட்டு வெளியே போனால்தான் அதை எடுப்பார்.

"மெத்தைக்கடை ஸ்டாப். இறங்குறவங்க இறங்கலாம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார்.

"நானே உள்ளதான் இருக்கேன். வண்டியை எடுங்க டிரைவரே" என்பார் மெத்தைக்காரர்.

அவர் நடக்கும் கோட்டில் யாரும் சைக்கிளை நிறுத்துவதில்லை, மூட்டையை இறக்குவதில்லை. இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் யாரிடமும் சொன்னதும் இல்லை. தானாக அப்படி ஆகிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் நகர மையப் புத்துயிர்த் திட்டம் வந்தது. தெருமுனையில் கலர் படம் போட்ட தட்டி வைத்தார்கள். அகலமான நடைபாதை, மரம், பெஞ்சு, கையில் பலூனோடு நடக்கிற ஜனங்கள்.

முடிவெட்டுகிறவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். "இதுல நம்ம ஆளு ஒருத்தரும் இல்லையே. இவங்கல்லாம் எங்கேருந்து வர்றாங்க?"

"படத்துலேருந்துதான்" என்றார் மெத்தைக்காரர்.

தட்டிக்குக் கீழே அறிவிப்பு இருந்தது. இடது வரிசையின் முப்பத்தெட்டுக் கதவுகளும் இடிக்கப்படும். வலது வரிசை நிற்கும். இடிபடுகிறவர்களுக்கு ஊர்க்கோடியில் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் மாற்று இடம். ஆதரவோ ஆட்சேபமோ உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் ஏழாம் எண் படிவத்தில் எழுதித் தரவேண்டும். அதன்பிறகு பொதுக்கூட்டம். ஆட்சேபம் ஏற்கப்பட்ட கதவுகள் தனி விசாரணைக்கு ஒதுக்கி வைக்கப்படும். மற்றவற்றுக்குக் கூட்டத்துக்கு அடுத்த நாளே இடிப்பு எண் போடப்படும்.

அவள் புருஷனை ஒருநாள் அந்தப் பன்னிரண்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஏழாவது மாடியில் நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். அவர் நடுவில் நின்று கையைத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவை தட்டினார்.

"எல்லாப் பக்கமும் ஒரே சத்தமா இருக்கே" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அன்றைக்கே அவள் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள், இவர் அங்கே போகக்கூடாது என்று. போனால் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். இந்த முறை எழுந்திருக்க மாட்டார்.

கொழுந்தன்தான் தெருச் சங்கத்துக்குத் தலைவன். விளக்குக் கடை வைத்திருக்கிறவன், வாயால் ஊரையே விற்று வருகிறவன். நகராட்சியில் அரை நாள் வரிசையில் நின்று படிவத்தோடு வந்தான்.

"அண்ணி, கேட்டா ஒண்ணே ஒண்ணு நீட்டுறான். நகல் எடுத்துக்கலாமாம். எனக்கு எரநூத்துச் சொச்சம் வேணும், ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு பக்கமும் போடணுமா?"

"பின்பக்கம் வேணாம் தம்பி. அதுல ஒண்ணுமில்ல."

படிவத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்தால் பின்பக்கம்தானே மேலே வரும்? அது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அவள் மூடியை இறக்கி, இருநூற்றுப் பதினாறு என்று எண்ணை அழுத்தினாள்.

அதற்கப்புறம் பத்து நாள் கடை பரீட்சை ஹால் மாதிரி ஆனது. எழுதத் தெரிந்தவர்கள் நின்றுகொண்டு எழுதினார்கள். தெரியாதவர்களுக்கு அவள் எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் தெரு தன் மனசை எல்லாம் கொட்டியது. முடிவெட்டுகிறவர், "திட்டத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதில் என் கடை இருப்பதில்தான் ஆட்சேபம்" என்று எழுதினார். வெல்டிங் பட்டறைக்காரர் ஒரு மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, "வேண்டாம்" என்று ஒரே சொல் எழுதினார். மெத்தைக்காரர் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கையெழுத்து எங்கக்கா?" என்றார்.

முன்பக்கத்தில் அதற்கு இடம் இல்லை. அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கீழ ஓரமா போட்டுருங்க. மறந்திருப்பாங்க."

எல்லோரும் ஓரத்தில் போட்டார்கள்.

கடைசியில் புருஷனுடையது பாக்கி. நகல் எல்லாம் தீர்ந்திருந்தது. மெஷினில் அசல் படிவம் மட்டும் கிடந்தது. இது ஒன்றுக்காக மறுபடி மெஷினைச் சூடாக்குவானேன் என்று அதிலேயே எழுத உட்கார்ந்தாள்.

"காரணம் என்ன எழுத?"

"எண்பத்து நாலுன்னு எழுது."

"காரணம் கேட்டிருக்காங்க."

"அதான் காரணம்."

அவள் சிரித்துவிட்டு, அவர் நடையை எட்டு எட்டாகக் கேட்டு எழுதினாள். அவர் விரலைப் பிடித்துக் கீழ் ஓரத்தில் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். மொத்தம் இருநூற்றுப் பதினேழு. கடைசி நாளான திங்கட்கிழமை, கொழுந்தன் கட்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தான். கவுண்டரில் இருந்தவன் மேல் தாளில் ஒரு முத்திரை குத்தி ரசீது தந்தான். தெருவுக்கே அன்று டீ.

புதன்கிழமை காலை, கூட்டத்துக்கு முந்தின நாள், வலது வரிசை மருந்துக்கடைக்காரி ஒரு தாளோடு வந்தாள். அவளும் ஏழாம் படிவம் கொடுத்திருந்தாள், ஆதரவு என்று. தானே நகராட்சிக்குப் போய் வாங்கி, தானே கொடுத்தது. அலுவலகம் முத்திரை குத்தித் திருப்பித் தந்த பிரதி அது. தனக்கு ஒரு நகல் வேண்டுமாம். அவள் ஆதரவு எழுதியதில் இருந்து தெருவில் பாதிப் பேர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"ரெண்டு பக்கமும் போடுங்கக்கா."

"பின்பக்கம் வேணாம். அதுல..." என்றபடி திருப்பியவள் நின்றுவிட்டாள்.

பின்பக்கத்தில் விதிமுறை இல்லை. உறுதிமொழி இருந்தது. அதன் கீழே தடித்த கோட்டில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் மருந்துக்கடைக்காரியின் கையெழுத்து. கட்டத்துக்குக் கீழே ஒரு வரி: இந்தப் பக்கம் இல்லாத படிவம் செல்லாது.

தாளை இரண்டு தடவை திருப்பினாள், ஏதோ மூன்றாவது பக்கம் ஒன்று கிடைக்கும் என்பது மாதிரி.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லம்மா."

மருந்துக்கடைக்காரி மேஜையைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். பத்து நாளாக எதிர்ப்பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள்தானே. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனா நீங்க சொல்லிடுங்கக்கா. நாளைக்கு அங்க வச்சுத் தெரிஞ்சா ரொம்பக் கஷ்டமாயிரும்."

அவள் கடையை அப்படியே விட்டுவிட்டு விளக்குக் கடைக்கு ஓடினாள். கொழுந்தன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒரு பல்பைத் துணியால் துடைத்தான்.

"தேதி முடிஞ்சு போச்சு அண்ணி. இப்பச் சொல்லி என்ன பண்ண? தெருவே அழும், அவ்வளவுதான். ரசீது என் கையில இருக்கு. அவனும் நம்மள மாதிரி மனுஷன்தான், எரநூறையும் திருப்பியா பாக்கப் போறான்? பேசாம இருங்க."

அவள் பேசாமல் இருந்தாள். புருஷனிடமும் சொல்லவில்லை. சோறு போடும்போது இரண்டு தடவை வாய் வரை வந்தது. அவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். நாளைக்கு எந்தச் சட்டை போடுவது என்று கேட்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நகராட்சி மண்டபத்தில் கூட்டம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். திட்ட அதிகாரி அதட்டுகிற ஆள் இல்லை. மெல்லிய குரல், தொண்டை கட்டியிருந்தது, இரண்டு வாக்கியத்துக்கு ஒருதரம் தண்ணீர் குடித்தார். ஆதரவு சொல்கிறவர்கள் முதலில் பேசலாம் என்றார்.

மருந்துக்கடைக்காரி எழுந்தாள்.

"வலது பக்கத்துக்காரி. பேசாம என்ன பண்ணுவா" என்று முடிவெட்டுகிறவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

"ஆமாண்ணே, வலது பக்கம்தான்" என்றாள் அவள். "எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தன்னைக்கு ஆம்புலன்ஸ் தெருமுனையில நின்னுருச்சு. உள்ள வர முடியல. நாற்காலியில உக்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டு ஓடினாங்க. முன்கால் பிடிச்சது நீங்கதான். பாதித் தெருவுல அவர் தலை சாஞ்சுருச்சு. உங்க கடை போகணும்னு நான் எழுதல. வண்டி வரணும்னு எழுதினேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் என்ன செய்ய?"

உட்கார்ந்தாள். முடிவெட்டுகிறவர் தரையைப் பார்த்தார்.

அதிகாரி தண்ணீர் குடித்துவிட்டு, இடது வரிசையின் கட்டைப் பிரித்தார். "ஆட்சேபம் இருநூத்திப் பதினேழு வந்திருக்கு. ஒவ்வொண்ணையும் நானே படிச்சேன்." மேல் தாளைத் திருப்பினார். "எல்லாத்தையும் திருப்பிப் பாத்தேன். இருநூத்திப் பதினாறுல பின்பக்கம் வெறுமையா இருக்கு. உறுதிமொழி இல்ல. கையெழுத்து விட்டுப்போயிருந்தா இங்கயே போடச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. பக்கமே இல்லன்னா அது படிவமே இல்லங்க. எடுத்துக்க முடியாது."

யாருக்கும் உடனே புரியவில்லை. புரிந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். "தப்பு என்னோடது. பின்பக்கம் நான்தான் போடல. அவங்க யாருக்கும் தெரியாது. நான் ஒருத்தி செஞ்சதுக்கு அவங்களை விட்றாதீங்க."

"புரியுதும்மா" என்றார் அதிகாரி. "விதி இது. நான் எழுதினது இல்ல."

மெத்தைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "பின்பக்கத்துல ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்கக்கா" என்றார், கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி.

அதிகாரி ஒரு தாளைத் தனியாக எடுத்தார். "ஒண்ணு மட்டும் முழுசா இருக்கு. கட்டத்துல கையெழுத்து இல்ல, அவ்வளவுதான். கதவு எண் இருபத்தாறு. அவர் வந்திருக்காரா?"

இருபத்தாறு யாருடையது என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

புருஷன் அவள் பக்கம் தலையைச் சாய்த்தார். "நம்மளது மட்டும் எப்படி முழுசா இருக்கு?"

"அது அசல். நகல் தீந்துபோச்சுன்னு அதுலயே எழுதிட்டேன்."

அவர் அதை யோசித்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து."

"நேத்து எந்த நேரம்?"

"காலையில."

சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். உதவியாளர் தாளையும் அட்டையையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தார்.

"எல்லாரும் பாக்குறாங்களா?"

"ஆமா."

"தம்பி?"

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். "அவர் பாக்கல" என்றாள்.

"அப்போ நீ சொல்லு, போடவா வேணாமா" என்றார். "இந்த ஆறு வருஷத்துல நான் எதைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்? நீ விரலை வைக்கிற இடம்தான் எனக்கு இடம்."

போடாவிட்டால் தெருவோடு தெருவாகப் போகலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அவளுக்கு அது தெரியும். மெத்தைக்காரரின் முகம் எதிரே இருந்தது. முடிவெட்டுகிறவர், பட்டறைக்காரர், எல்லோர் எழுத்தும் அவள் மேஜையில் எழுதிய எழுத்து. ஆனால் அவள் கண்ணில் நின்றது அந்த வராந்தா. நடுவில் நின்று இரண்டாம் தடவை கையைத் தட்டிய மனுஷன்.

அவர் விரலை எடுத்துக் கட்டத்தில் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது.

விதிப்படி, ஏற்கப்பட்ட ஆட்சேபத்தைச் சபையில் வாசிக்க வேண்டுமாம். அதிகாரி கட்டிய தொண்டையோடு வாசித்தார்: "என் வாசலில் இருந்து டீக்கடைக்கு எண்பத்து நாலு எட்டு. பத்தொன்பதில் மெத்தைக் கடை. நாற்பத்தேழில் வெல்டிங் பட்டறை. எழுபதில் என் தம்பியின் விளக்குக் கடை. இவர்கள் இருக்கிற இடத்தில் இருப்பதால் எனக்கு வழி தெரிகிறது."

தாளை இறக்கினார். "இதுல சொல்லியிருக்கிற கடைகள் எல்லாம் இடது வரிசையா?"

மெத்தைக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். பட்டறைக்காரரும் தூக்கினார்.

"உங்க ஆட்சேபம் பதிவுல இல்லங்க" என்றார் அதிகாரி. அதைச் சொல்வது அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. தண்ணீர் குடித்தார். கூட்டம் முடிந்தது.

திரும்பும்போது யாரும் கூட வரவில்லை. தெருமுனை வந்ததும் வழக்கம்போல அவர் தடியை மடக்கி அவளிடம் தந்தார். டீக்கடையில் இருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார். ஸ்டாப் பெயர் எதையும் சொல்லவில்லை. விளக்குக் கடைப் படியில் காலைத் தூக்கி வைத்தார். பட்டறையில் அரை எட்டு விலகினார். அன்று அங்கே நெருப்பு இல்லை, இருந்தாலும் விலகினார்.

மெத்தைக் கடைக்கு முன்னால் ஒரு சுருட்டிய மெத்தை, அவர் கோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவள் கத்துவதற்குள் அவர் அதில் மோதிவிட்டார். அடிபடவில்லை, மெத்தைதானே. நடை பழகிய பிறகு இது முதல் தடவை. மெத்தைக்காரர் கடைக்குள்தான் இருந்தார். ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை.

அவர் அந்த மெத்தையை ஒரு ஆளைத் தட்டுவது மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார். "வேணும்னு வச்சிருக்க மாட்டார்" என்றார். அப்புறம், "எத்தனைல இருந்தேன்?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் சிவப்பு பெயின்ட் டப்பாவோடு வந்தார்கள். தெருமுனையில் இருந்து இடது வரிசையின் ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் எண் எழுதிக்கொண்டே வந்தார்கள். முடிவெட்டும் கடைச் சுவரில் இருபத்தைந்து என்று எழுதினார்கள். ஜெராக்ஸ் கடையைத் தாண்டிப் போய் அடுத்த கதவில் இருபத்தேழு என்று எழுதினார்கள்.